தியத்தலாவையில் பயிற்சி, அப்புத்தளையில் பெண்: ஒரு கல்யாணத் தேதி பற்றிய நிகழ்வு ஆய்வு

படைப் பயிற்சியில் இருக்கும் ஒருவரை விரும்பும் பெண்ணுக்கு வரும் முதல் கேள்வி, கல்யாணத்தை எப்போது வைப்பது என்பதுதான். பயிற்சிக்குப் போகும் முன்னரா, நடுவில் கிடைக்கும் லீவிலா, எல்லாம் முடிந்து ஓர் இடத்தில் வேலைக்குப் போட்ட பிறகா? கேட்கும்போது சின்னக் கேள்வியாகத் தெரியும். உள்ளே போனால் வேலை, சட்டம், வீடு, சொந்தம், யுத்தத்தின் நினைவு எல்லாம் அதற்குள் இருக்கும். இலங்கை மலையகத்தில் ஒரு குடும்பம் இந்தக் கேள்வியை எப்படித் தீர்த்துக்கொண்டது என்பதை இங்கே எழுதுகிறேன். இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். பெயர்களையும் தோட்டங்களையும் சொல்லப் போவதில்லை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. குடும்பங்களுக்குள் பேச்சு நின்றுபோகும் இடத்தில் போய் உட்கார்ந்து பேசுவது என் வேலையாகிப் பல வருடமாகிறது. நேரில் கூப்பிடுவது போலவே, பெண்ணைப் பிள்ளை என்றும் பையனைத் தம்பி என்றும் இதில் எழுதுகிறேன்.

இருவரும் யார்

பிள்ளை அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து, முதுகு முடியாமல் நின்றுவிட்டவர். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். பிள்ளை உயர்தரம் முடித்து, பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் படித்து, ஊவா மாகாணத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக நியமனம் பெற்றாள். அந்த வீட்டுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று முதன்முதலில் வந்தது அவளால்தான். அம்மாவின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும் 2024 இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. அதுவும் பேர் விழுகிற நாளுக்கு, அதாவது வேலை செய்ததாகக் கணக்கில் ஏறும் நாளுக்கு மட்டும். அவளுடைய சொந்தத் தம்பி உயர்தரம் படிக்கிறான், அவனுடைய டியூஷன் காசு அக்கா கையிலிருந்து போகிறது. கல்யாணப் பேச்சு சூடுபிடித்த பிறகு இதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அதனால்தான் முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

தம்பி பண்டாரவளைப் பக்கம். உயர்தர டியூஷன் வகுப்பில்தான் இருவருக்கும் பழக்கம். அவனுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. நீர்கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலைக்குப் போனான், 2022 பொருளாதார நெருக்கடியில் அந்த வேலை போயிற்று. சில காலம் கிடைத்ததைச் செய்துவிட்டு விமானப்படைக்கு விண்ணப்பித்தான், எடுபட்டான். நிரந்தர வேலை, கையில் ஒரு தொழில், 22 வருட சேவைக்குப் பிறகு ஓய்வூதியம். "தோட்டத்த விட்டு வெளிய வர எனக்கு வேற கதவு தெரியல டீச்சர்" என்று என்னிடம் சொன்னான். அப்பா இல்லை. அம்மா வேலையை விட்டு ஓய்வில் இருக்கிறார்.

விமானப்படையில் புதிதாகச் சேர்பவர்களின் அடிப்படைப் பயிற்சி தியத்தலாவையில் நடக்கிறது. இராணுவக் கல்விக்கூடமும் அதே ஊரில்தான். 1900 இல் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த போயர் கைதிகளை ஆங்கிலேயர் அடைத்துவைத்த காலத்திலிருந்தே அது படை ஊர். ரயிலில் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் தியத்தலாவை நிலையம் வரும். காதலன் கண்காணாத ஊரில் இருந்திருந்தால் பிள்ளைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ. பண்டாரவளைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அந்த முகாமைத் தாண்டித்தான் போகவேண்டும். இறங்கிப் போய்ப் பார்க்க முடியாது. முதல் கட்டத்தில் கைத்தொலைபேசி வைத்திருக்கவும் அவனுக்கு அனுமதி இல்லை, அம்மாவுக்கு எடுக்கும் அழைப்பே எப்போதாவதுதான்.

பிரச்சினை வந்த விதம்

தை மாதம் பிறந்ததும் பிள்ளையின் தாய்மாமன் வந்து தன் மகனுக்குப் பெண் கேட்டார். கொழும்பில் கடை வேலையில் இருக்கும் பையன், முறை மாப்பிள்ளை, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. அம்மாவால் தன் அண்ணன் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல முடியவில்லை. விமானப்படைப் பையனைப் பற்றி வீட்டில் ஓரளவு தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. சாதிப் பேச்சும் கொஞ்சம் இருந்தது. இரண்டு பக்கமும் அதை விட்டுவிட்டார்கள், நானும் விட்டுவிடுகிறேன்.

பிள்ளை என்னிடம் வந்தபோது ஒரே முடிவோடுதான் வந்தாள். தம்பிக்கு அடுத்து லீவு கிடைக்கும்போது பதிவுத் திருமணத்தை முடித்துவிட வேண்டும். யாருக்கும் சொல்ல வேண்டாம். அப்புறம் மாமாவும் கேட்க மாட்டார், அம்மாவும் மறுக்க முடியாது. "ஏன் இவ்வளவு அவசரம்?" என்று கேட்டேன். மாமாவின் பேச்சைச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் சொன்னது வேறு: "அவரு உள்ள இருக்கிற வரைக்கும், எனக்கு ஒருத்தி இருக்கான்னு அந்த கேம்ப்ல ஒரு கடதாசியிலும் இல்லயே டீச்சர். அவருக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரு சொல்லுவா?"

இந்தப் பயத்தைச் சின்னதாக நினைக்கக்கூடாது. பயிற்சியில் அடிபடுவது உண்டு. அப்படி ஏதும் நடந்தால் தகவல் போவது நெருங்கிய உறவு என்று படிவத்தில் எழுதியிருக்கும் ஆளுக்கு. அவன் அம்மாவின் பெயரை எழுதியிருந்தான். காதலிக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

வெளிநாட்டு யோசனைகள்

பிள்ளை தொலைபேசியில் நிறையத் தேடிப் படித்திருந்தாள். அமெரிக்காவில் பயிற்சிக்குப் போகும் முன்பே கல்யாணம் முடிப்பவர்கள் பலர். அதற்கு அங்கே கணக்கு உண்டு. திருமணமானவருக்குப் பயிற்சிக் காலத்திலேயே வீட்டு வாடகைப்படி வரும், மனைவிக்கு மருத்துவக் காப்புறுதி கிடைக்கும், முதல் இடத்தில் போடும்போது குடும்பத்தைக் கொண்டுபோகும் செலவையும் படையே ஏற்கும். அங்கே தரைப்படையின் அடிப்படைப் பயிற்சி 10 வாரம், மரைன் படைக்கு 13 வாரம். மொன்டானா மாநிலத்தில், படையில் இருப்பவர் நேரில் வராமல் பிரதிநிதியை நிறுத்தி மணம் முடிக்கவும் சட்டம் இடம்தருகிறது. அந்த நாட்டிலும் வெஸ்ட் பொயின்ட் அதிகாரிப் பயிற்சிக் கல்லூரியில் படிப்பவர்கள் மணமுடிக்க முடியாது என்பதை அவள் படித்த கட்டுரைகள் சொல்லவில்லை போலிருக்கிறது.

தமிழ்நாட்டுக் காணொளிகளும் பார்த்திருந்தாள். அங்கேயும் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கூடத்துக்கோ டேராடூனுக்கோ போகிறவர் மணமாகாதவராக இருக்கவேண்டும், பயிற்சி நடுவில் மணமுடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். எங்கள் நாட்டிலும் அப்படித்தான். படைகளில் சேரும் விளம்பரத்திலேயே மணமாகாதவர் என்ற நிபந்தனை இருக்கும். கல்வியியற் கல்லூரி விண்ணப்பத்திலும் அதே நிபந்தனை உண்டு, அதில் அவளே கையெழுத்துப் போட்டவள்தான். அதை நினைவூட்டியபோது அமைதியானாள்.

அமெரிக்கப் பெண்ணுக்குச் சரியான அறிவுரை அப்புத்தளைப் பெண்ணுக்குப் பொருந்தாததற்குக் காரணம் கலாச்சாரம் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் பார்த்தவரை காரணம் காசும் கடதாசியும்தான். அங்கே சீக்கிரம் பதிவு செய்தால் பலன் உண்டு. இங்கே பயிற்சி நடுவில் பதிவு செய்தால் வேலைக்கே ஆபத்து.

இரகசியப் பதிவு ஏன் கூடாது என்று சொன்னேன்

இதில்தான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசினேன், இப்போதும் அதே கருத்துத்தான்.

பொதுச் சட்டப்படி பதிவுத் திருமணம் என்றால் விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துப் பதிவு செய்யலாம், மூன்று மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். அவசரம் என்றால் சிறப்பு அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். இருவரும் நேரில் போய், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டு வயதானவர்களுக்கு வீட்டாரின் சம்மதம் தேவையில்லை. ஆக, செய்ய முடியுமா என்றால் முடியும். தம்பியின் கூட்டாளி ஒருவன், "செய்துட்டு வாயை மூடிக்கிட்டு இரு, பாசிங் அவுட் முடிஞ்சதும் சொல்லிக்கலாம்" என்று யோசனையும் கொடுத்திருந்தான். பாசிங் அவுட் என்பது பயிற்சி முடிவில் நடக்கும் அணிவகுப்பு.

நான் பிள்ளையிடம் கேட்டது இதுதான். பயிற்சி முடிந்த பிறகு அந்தச் சான்றிதழை எங்கே காட்டுவாய்? மனைவி என்று பதிவேட்டில் சேர்ப்பதற்கும், விதவைகள் ஓய்வூதியத் திட்டத்தில் பெயர் போடுவதற்கும், குழந்தை பிறந்தால் அதன் பதிவுக்கும் அந்தச் சான்றிதழைத்தான் நீட்ட வேண்டும். அதில் தேதி இருக்கும். அந்தத் தேதியில் அவன் பயிற்சியில் இருந்தான் என்பது படையின் பதிவேட்டிலும் இருக்கும். ஒன்று, சான்றிதழைக் காலம் முழுக்க மறைக்க வேண்டும். அப்படியானால் பதிவு செய்து என்ன பயன்? அல்லது அதைக் காட்டி, பொய் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு இன்னொரு தடவை புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது, ஏற்கெனவே கணவன் மனைவியாக இருப்பவர்களை எந்தப் பதிவாளர் பதிவார்? எந்தக் கடதாசியில் தன் பெயர் வரவேண்டும் என்று அவள் தவித்தாளோ, இரகசியப் பதிவால் அந்தக் கடதாசிதான் அவள் கைக்கு வராமல் போயிருக்கும்.

அவளுடைய சித்தி இன்னொரு வழி சொன்னார். பதிவெல்லாம் பிறகு பார்க்கலாம், கோயிலில் தாலியை மட்டும் கட்டிவிடுங்கள், மாமன் பேச்சு நின்றுவிடும் என்று. எனக்கு இது இன்னும் பயமாக இருந்தது. தோட்டத்துக்கு அவள் கல்யாணமானவள், முகாமுக்கும் அரசாங்கத்துக்கும் அவள் யாருமில்லை. அவனுக்கு மனம் மாறினாலும், அவனுக்கு ஏதும் நடந்தாலும், நட்டம் முழுவதும் பெண் தலையில்தான் விழும். எங்கள் தோட்டங்களில் இப்படி நடுவில் நின்றுபோன பெண்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்திக்கும் பிறகு ஊர் கை கொடுக்கவில்லை.

தம்பி அடிப்படைப் பயிற்சி நடுவில் ஒரு சின்ன லீவில் வந்தபோது அவனிடமும் பேசினேன். பதிவு வேண்டும் என்பதில் அவளைவிட அவனுக்கு அவசரம். கூடப் பயிற்சி எடுக்கும் பையன்களில் சிலருக்குக் காதல் முறிந்துபோயிருந்தது. இரவில் அதே பேச்சாம். "கையெழுத்து இருந்தா போக மாட்டாள்" என்று அவன் சொன்னபோது பிள்ளை பக்கத்தில்தான் இருந்தாள். அவள் அவனைத் திரும்பிப் பார்த்து, "போறவளா இருந்தா நீங்க கையெழுத்து வாங்கியும் போவேன்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கு இரகசியப் பதிவு என்ற யோசனை முடிந்தது. நான் அடுக்கிய காரணங்களைவிட இந்த ஒரு பதில்தான் அவனைத் திருப்பியது என்று நினைக்கிறேன்.

கிளிநொச்சியில் பெரியம்மா

பிள்ளையின் அம்மாவுக்கு ஓர் அக்கா. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் அவர் வாழ்க்கைப்பட்ட குடும்பமும் ஒன்று. 2009 மே மாதம் யுத்தம் முடியும்வரை அவர் வன்னியில்தான் இருந்தார். விமானப்படை மாப்பிள்ளை என்று தங்கை சொன்னதும் தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு அவரே எடுத்துச் சொன்னது: "ஆகாயத்துல இருந்து என்னென்ன விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும். கிபிர் பிளேன் சத்தம் கேட்டு பங்கருக்குள்ள புள்ளைகள அமுக்கிப் பிடிச்சவ நான். அந்தச் சட்டையப் போட்டவன எப்படி மருமகன்னு கூப்பிடுவேன்?"

இதற்குப் பதில் சொல்லக்கூடாது என்று நான் அம்மாவிடமும் பிள்ளையிடமும் சொன்னேன். 2009 இல் தம்பி சின்னப் பையன், அவன் ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மை. பெரியம்மா பட்டதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதைத் தள்ளிவிட முடியாது. மலையகத்தில் ஒரு தமிழ்ப் பையன் படைச் சட்டை போடும்போது அவன் வீட்டுக்கு வருமானமும் வருகிறது, சொந்தத்துக்குள் இப்படி ஒரு காயமும் திறக்கிறது. இதைக் கல்யாணச் செலவுபோல ஓர் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு அது பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தமாக முடியும்.

கல்யாணத் தேதிக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. பிள்ளையின் அம்மா தன் அக்காவைக் கேட்காமல் எந்த நல்லதும் செய்தவரில்லை. அவசரக் கல்யாணம் நடந்திருந்தால் பெரியம்மாவுக்கு யோசிக்க நேரமே கிடைத்திருக்காது, மறுக்க மட்டும்தான் முடிந்திருக்கும். தேதி தள்ளிப்போனதால் மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. தம்பி தானாகவே ஒரு தடவை அவருக்கு அழைப்பெடுத்தான். அதிகம் பேசவில்லையாம், "நான் இன்னார் மகன் பெரியம்மா, வேலைக்குத்தான் சேர்ந்தேன், நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்குவேன்" என்று மட்டும் சொன்னானாம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டார்.

ஒரு தாளில் இரண்டு பக்கம்

பிள்ளையை ஒரு தாளில் அடுத்த இரண்டு வருட மாதங்களை வரிசையாக எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் அவனுடையது, மறுபக்கம் அவளுடையது. அவன் பக்கம் மளமளவென்று நிரம்பியது: அடிப்படைப் பயிற்சி முடிவது, பாசிங் அவுட், தொழிற்பயிற்சிக்கு ஏக்கல போவது, அது முடிந்து எங்கே போடுவார்கள் என்று தெரிவது. கட்டுநாயக்க, இரத்மலானை, வவுனியா, சீனக்குடா, பலாலி, எங்கேயும் ஆகலாம். அவள் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. "என்னோடது என்ன டீச்சர், அவரோடது தெரிஞ்சா போதுமே" என்றாள்.

நான் இந்த ஆய்வை எழுதுவதே அந்த வெற்றுப் பக்கத்துக்காகத்தான். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, கூட்டாளிகள், இணையத்துக் கட்டுரைகள் எல்லாமே அவனுடைய லீவையும் அவனுடைய பயிற்சியையும் வைத்தே நாள் குறித்தன. அவளுக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதற்கும் ஒரு கால அட்டவணை இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

உட்கார்ந்து நிரப்பினோம். புது நியமனத்துக்கு மூன்று வருடத் தகுதிகாண் காலம். அவள் ஊவா மாகாணத்துப் பாடசாலையில் இருப்பவள். வவுனியாவுக்கோ கட்டுநாயக்கவுக்கோ மாற வேண்டுமானால் மாகாணம் விட்டு மாகாணம் மாற்றம் கேட்க வேண்டும், இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும், அது நினைத்த மாதத்தில் நடக்கும் காரியமில்லை. அவளுடைய சொந்தத் தம்பியின் உயர்தரப் பரீட்சை வரை டியூஷன் காசு அவள்தான் கட்ட வேண்டும். அப்பாவுக்குப் பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக். ஏழு பேர்ச் காணியில் வீடு கிடைக்கும் என்று தோட்டத்தில் பேர் எழுதியிருந்தார்கள், அது வந்தால் கூடவே ஓடியாட வீட்டில் ஆள் வேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்புக்குப் பதிய வேண்டும் என்ற ஆசையைக் கடைசியாக, மெதுவாகச் சொன்னாள். அதையும் எழுது என்றேன்.

தாள் நிரம்பியதும் கேள்வியே வேறாகிவிட்டது. கல்யாணம் முடிந்த மறுநாள் என்ன மாறும்? பயிற்சி நடுவில் முடித்தால் ஒன்றும் மாறாது. அவன் முகாமுக்குப் போவான், அவள் பாடசாலைக்குப் போவாள், இடையில் ஓர் இரகசியம் மட்டும் இருக்கும். பாசிங் அவுட் முடிந்த கையோடு வைத்தாலும் அவன் ஏக்கலயில், அவள் அப்புத்தளையில். எங்கே போடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு வைத்தால் மாற்றத்துக்கு எந்த மாகாணம் என்று எழுதலாம், வாடகை வீடு பார்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம், படையிடம் முறைப்படி அனுமதி கேட்டுப் பதிவேட்டில் பெயரும் ஏற்றலாம்.

இந்த வரிசை எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பெண்ணுக்கு வேலை இல்லாத வீட்டில், அல்லது பெற்றோர் இல்லாத பெண்ணுக்கு, பாசிங் அவுட் முடிந்த உடனே வைப்பதுதான் பாதுகாப்பாக இருக்கலாம். ஆனால் பயிற்சி நடுவில் வைக்கலாம் என்று இந்த நாட்டில் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

காத்திருந்த காலத்தில் நடந்த வேலை

அவளுடைய முதல் பயத்துக்குக் கல்யாணம் இல்லாமலே வழி இருந்தது. தம்பியின் அம்மாவிடம் பிள்ளையை நேரில் கூட்டிப்போனேன். "அவனுக்கு ஒரு காய்ச்சல்னு போன் வந்தாலும் மறு நிமிசம் உனக்குச் சொல்லுறேன் மகளே" என்றார். சொன்னபடி செய்தார். பாசிங் அவுட் அணிவகுப்புக்குக் குடும்பத்தாரோடு அவளையும் கூட்டிப்போனார். மாமியார் மருமகள் உறவு அங்கேயே தொடங்கிவிட்டது.

மாமாவிடம் அம்மாவே பேச வேண்டியிருந்தது. இரகசியம் இல்லாததால் அது முடிந்தது. அவருக்குக் கோபம்தான், ஆனால் கேட்டபோது நேராகச் சொன்னார்கள் என்ற மரியாதை மிஞ்சியது. அடுத்த வருடம் அவர் மகனுக்கு வேறு இடத்தில் முடிந்தது.

அதிக நாள் இழுத்தது பெயர்ப் பிரச்சினை. தம்பியின் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரியும், அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்தது. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டுச் சிங்களத்தில் எழுதி, அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கள் ஆட்களின் பெயர்கள் படும் பாடு எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003 சட்டம் வரைக்கும் கடதாசிக்காக அலைந்த சமூகம் இது. ஓர் எழுத்து மாறினாலும் தாத்தா காலத்துப் பயம் வீட்டுக்குள் வந்துவிடும். திருத்தத்துக்குப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்து, சத்தியக்கடதாசி கொடுத்து, கிராம உத்தியோகத்தரிடமும் தோட்டத்து ஆபீசிலும் கடிதம் வாங்கி, பல தடவை நடந்துதான் முடிந்தது. அவனுக்கு லீவு இல்லாததால் நடந்தவர்கள் இரண்டு பெண்கள், அவன் அம்மாவும் பிள்ளையும். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு இதைத் தொடங்கியிருந்தால் நாள் தப்பியிருக்கும். படையில் இருப்பவரைக் கட்டப்போகும் பெண்கள் முதலில் இரண்டு பேரின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்க வேண்டும், நகை பார்ப்பதெல்லாம் அப்புறம்.

கல்யாணம்

பாசிங் அவுட்டுக்குப் பிறகு கிடைத்த லீவில் பரிசம் போட்டார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு முன்னால் தகரப் பந்தல், சொந்தக்காரர் மட்டும். ஊர் வாய் அடங்க அது போதுமாக இருந்தது. தொழிற்பயிற்சி முடிந்து வவுனியாவில் போட்டார்கள். அதன்பின் அவன் முறைப்படி அனுமதிக்கு எழுதிக் கொடுத்தான், வந்தது. நாள் குறிப்பதில் மூன்று கணக்கு ஒத்துவர வேண்டியிருந்தது: அவன் லீவு, அவள் பாடசாலை விடுமுறை, பஞ்சாங்கம். ஆடியும் மார்கழியும் கழித்து ஆவணியில் நாள் வந்தது. ஒரு பவுன் இரண்டு லட்சம் ரூபாவைத் தாண்டிய காலம், தாலிக்கு மட்டும் பொன் என்று இரண்டு வீடும் ஒத்துக்கொண்டார்கள். காலையில் மாரியம்மன் கோயிலில் தாலி, அங்கேயே பதிவாளரை வரவழைத்துக் கையெழுத்து.

கூடப் பயிற்சி எடுத்த பையன்கள் படைச் சட்டையோடு மாப்பிள்ளை படம் எடுக்க ஆசைப்பட்டார்கள். தம்பி வேட்டி சட்டையோடு இருந்தான், முகாமுக்குத் திரும்பிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றான். படைச் சட்டை வேண்டாம் என்று யாரும் அவனிடம் கேட்டதில்லை. பெரியம்மா வரவில்லை. மகளை அனுப்பியிருந்தார், அவள் பேரில் மொய்யும் எழுதியிருந்தது.

இப்போது

பிள்ளை அப்புத்தளையில் தாய் வீட்டிலிருந்து பாடசாலைக்குப் போகிறாள். தம்பி லீவுக்கு வரும்போது பாதி நாள் இங்கே, பாதி நாள் அவன் அம்மாவிடம். பதிவேட்டில் மனைவி என்று அவள் பெயர் ஏறிவிட்டது. திறந்த பல்கலைக்கழகப் படிப்பையும் தொடங்கிவிட்டாள். தகுதிகாண் காலம் முடியும்வரை மாற்றம் கேட்பதில்லை என்பது அவளுடைய முடிவு. அவனுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கல்யாணம் முடித்தும் தனியாக இருக்கிறோமே என்று போன மாதமும் என்னிடம் சொன்னான். அவன் வருத்தம் நியாயமானது. ஆனால் அவள் சம்பளத்தையும் சேவையையும் பாதியில் அறுத்துவிட்டு வவுனியாவில் வாடகை வீட்டில் போய் உட்கார்ந்தால், இரண்டு வருடத்தில் அவனை வேறு முகாமுக்கு மாற்றும்போது என்ன செய்வார்கள்? இதை இருவரும் சேர்ந்து பேசத் தொடங்கியிருக்கிறார்கள். வடக்கு மாகாணத்துக்கு மாற்றம் கேட்கும் விண்ணப்பத்தை எப்போது போடுவது, குழந்தையை அதற்கு முன்னா பின்னா என்று பழைய தாளின் மறுபக்கத்தில் மாதங்களை எழுதி வைத்திருக்கிறாள். இந்தத் தடவை முதலில் நிரம்பியது அவளுடைய பக்கம்.